மூன்று தடவை துவைத்தால் மொட்டாகிவிடும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு வீட்டில் எல்லாரும் நலம் என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நலமா? உங்கள் முழங்கால் நலமா? நீங்கள் டிக்கெட் பரிசோதிக்கும் ரயில்கள் எல்லாம் நேரத்துக்கு ஓடுகின்றனவா? இங்கே அப்பா நலம். அம்மா கோபமாக இருக்கிறாள், மற்றபடி நலம். நான் நலமா என்பது வருகிற சனிக்கிழமை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கடிதத்தைக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் நடுத்தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற அறை இது ஒன்றுதான். எழுத்து கோணினால் வாளி ஆடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டாள். மருந்துக்கடையில் ஒரு பக்கம் மாத்திரையை எண்ணிக்கொண்டே இன்னொரு பக்கம் போன் பேசிப் பழகிவிட்டாள். நம் குடும்பச் செய்தியெல்லாம் எனக்கு முன்பே எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். நான் கணக்கில் ஐம்பத்தொன்று வாங்கிய நாளிலிருந்து அந்தப் போனும் இரவில் அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் தூங்குகிறது.

அத்தை, நாளையோ மறுநாளோ எங்கள் பள்ளியிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பிதழ் வரும். கைவேலைக் கண்காட்சியைத் திறந்துவைக்க வரவேண்டும் என்று அதில் இருக்கும். உங்கள் பெயருக்குக் கீழே 'பாப்கார்ன் பின்னல் நிபுணர்' என்று அச்சடித்திருக்கும். தயவுசெய்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முழுக்க என் தப்பு. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பாதியில் கோபம் வந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நாற்காலித் திண்டுகளுக்கு ஒரு ஜோடி உறை பின்னி அனுப்பினீர்களே, வெள்ளை நூலில், பாப்கார்ன் பின்னலில், முழுக்க மொட்டு மொட்டாக, தடவிக்கொண்டே இருக்கலாம் போல இருக்குமே, அதில் ஒன்றிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. போன மாதம் ஒரு நாள் காலையில் என் தண்ணீர் பாட்டில் ஒழுகியது. பேருந்து வந்துவிட்டது. கைக்கு அகப்பட்ட துணியை இழுத்து பாட்டிலைச் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். அது உங்கள் உறை. அன்று முதல் வகுப்பே கைவேலை. கைக்குட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் முந்தின நாள் அடித்தேன், ஆனால் அடித்து முடித்து எழுந்தபோது கைக்குட்டையும் என்னோடு எழுந்தது, பாவாடையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். அதைப் பிரித்ததில் கைக்குட்டை கிழிந்துவிட்டது. ஆகவே பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கைவேலை டீச்சரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. பிடிக்காத வேலையை மேசைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார், நடுவில் ஒரு வெட்டு வெட்டுவார், "துணி உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்று கேட்பார். அவ்வளவுதான், திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை. அன்று என் முறை வந்தபோது நான் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருந்தேன். பொறுமை போய் டீச்சரே பையை வாங்கிக் கவிழ்த்தார். பாட்டில் உருண்டது. உறை அவர் கையில்.

கத்தரியை மேசையில் வைத்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒரு மொட்டை விரலால் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

"இது யார் போட்டது?"

அத்தை, சத்தியமாக 'என் அத்தை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மூன்று வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. முப்பத்தெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் உட்காரும் ரேடியோகூட (அவள் பேச்சை நிறுத்தவே தெரியாதவள் என்பதால் அந்தப் பெயர்) வாயை மூடிக்கொண்டாள். அந்த அமைதியில், "நான்தான் டீச்சர்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். டிக்கெட் வாங்காதவர்கள் உங்களைப் பார்த்ததும் 'பையில இருக்கு மேடம்' என்று ஆரம்பிப்பார்கள் என்று சொல்வீர்களே, அதே மாதிரி தானாக வந்தது.

"உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்க அத்தை, டீச்சர்." ஒரு பொய்க்குப் பக்கத்தில் ஓர் உண்மையாவது இருக்கட்டும் என்று சொன்னேன். அந்த உண்மைதான் இப்போது அழைப்பிதழாக உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரிவில் விட்ட சைக்கிள் மாதிரி. டீச்சர் உறையைத் தலைமை ஆசிரியையிடம் காட்டினார். தலைமை ஆசிரியை அதை விளையாட்டுக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, என் பெயரையும் வகுப்பையும் எழுதி ஒட்டிவிட்டார். டீச்சர் வகுப்பில் அறிவித்தார்: இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை, நான் எல்லாருக்கும் அந்தப் பின்னலைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு சதுரம். முப்பத்தெட்டையும் இணைத்துக் கண்காட்சிக்கு ஒரு பெரிய போர்வை. நான் தலையை ஆட்டினேன். ஏனென்றால் என் தலை என் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை.

எனக்கு என்ன தெரியும் என்று உங்களுக்கே தெரியும். போன விடுமுறையில் சங்கிலி போடச் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்ததாக, நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி உயரமாக ஒரு தையல் போடுவோமே, அதையும் சொல்லிக்கொடுத்தீர்கள். அதன் பெயர் மறந்துவிட்டதால் நான் தூண் என்று வைத்திருக்கிறேன். "என்ன ஆனாலும் கண்ணியிலிருந்து ஊசியை வெளியே எடுக்காத, எடுத்தா அத்தனையும் பிரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கொக்கி ஊசியையும் விட்டுவிட்டு ரயிலேறினீர்கள். நான் மூன்று மீட்டர் சங்கிலி போட்டு, அதைக் கதவில் கட்டிவிட்டு மறந்துவிட்டேன். பாப்கார்ன் பின்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அப்பாவின் முறை ஞாபகம் வந்தது. பணிமனையில் பேருந்து எஞ்சினைப் பிரிக்கும்போது அப்பா ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வருவார்: முதலில் கழற்றியது இது, இரண்டாவது இது, மூன்றாவது இது. திரும்ப மாட்டும்போது அந்தத் தாளைக் கீழிருந்து மேலே படிப்பார். எப்பேர்ப்பட்ட எஞ்சினும் பழையபடி சேர்ந்துவிடும். எஞ்சினுக்கே அது போதும் என்றால் ஒரு மொட்டுக்குப் போதாதா? ஜோடியில் மிச்சமிருந்த உறையை எடுத்தேன். ஆமாம் அத்தை, அதையும்தான். இங்கே தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

கையில் பென்சிலை வைத்துக்கொண்டு மெதுவாகப் பிரித்தேன். ஒரு சங்கிலிக் கண்ணி போனது; எழுதினேன். மொட்டு சட்டென்று வாயைத் திறந்தது, எழுதினேன். ஐந்து தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, ஐந்தும் ஒரே ஓட்டையிலிருந்து, எழுதினேன். இப்போது கீழிருந்து மேலே: ஒரே ஓட்டையில் ஐந்து தூண். அது வந்தது, முதல் முயற்சியிலேயே வந்தது, நான் குதித்தேன். அடுத்து, மொட்டு வாயை மூட வேண்டும். எப்படி மூடும்? தாளில் அது இல்லையே. ஐந்து தூணும் விசிறி மாதிரி விரிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன. விரலால் அமுக்கினேன். அகராதிக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் எடுத்தால் தட்டையான விசிறியாக இருந்தது. இன்னும் தெளிவாகப் பார்க்கலாம் என்று அடுத்த மொட்டைப் பிரித்தேன், அதற்கடுத்ததை, அதற்கும் அடுத்ததை. ஒவ்வொன்றும் அதே இடத்தில் வாயைத் திறந்தது, எப்படித் திறந்தது என்று மட்டும் சொல்லவில்லை. இப்படியே பார்த்துக்கொண்டே போனதில் உறை தீர்ந்துவிட்டது.

அப்பாவையே சுற்றி வளைத்துக் கேட்டேன். "அப்பா, எஞ்சினைக் கழட்டும்போது ஒரு பாகம் தானா திறந்துக்கிட்டா, மறுபடி அதை எப்படி மூடுவீங்க?"

அப்பா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "தானா திறந்துக்குச்சுன்னா அது முன்னாடி மாட்டினவன் சரியா மாட்டலன்னு அர்த்தம். அதை எண்ணிக்கையில சேக்காத. அடுத்ததுக்குப் போ."

போய்விட்டேன் அத்தை. மொட்டு வாய் மூடுவதை விட்டுவிட்டு, ஐந்து தூண், அடுத்து ஒரு சங்கிலி, மறுபடி ஐந்து தூண் என்று எழுதி வைத்துக்கொண்டேன். நீங்கள் சரியாக மாட்டவில்லை என்று அப்பா சொன்னதை நான் நம்பிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு நாற்காலிகளும் மொட்டையாக நின்றன. நான் திண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் கண் மாத்திரை எண்ணிப் பழகிய கண், ஒன்று குறைந்தாலே பிடித்துவிடும், இரண்டு குறைந்தால் விடுமா? நேராக அப்பாவிடம் போனாள்.

"ஏங்க, அண்ணி போட்டுக்கொடுத்த உறையை எடுத்தீங்களா?"

"நானா?" அப்பா பேப்பரை இறக்கினார். "எடுத்திருப்பேனோ என்னமோ."

"எதுக்கு எடுத்தீங்க?"

"அது தெரியல. ஆனா நீ இவ்வளவு கோபமா கேக்கறதைப் பார்த்தா எடுத்திருப்பேன்னுதான் தோணுது."

"பணிமனைல கிரீஸ் துடைக்க எடுத்துட்டுப் போனீங்களா?"

"துடைச்சிருப்பேன்."

"ரெண்டையுமா?"

"ஒண்ணு பத்தியிருக்காது."

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை அப்பா உங்களுக்குப் போன் செய்து, "அக்கா, என்னை மன்னிச்சிடு, புத்தி கெட்டுப்போச்சு" என்று எதற்கென்றே சொல்லாமல் மன்னிப்புக் கேட்டாரே, நீங்களும் பயந்துபோய் "என்னடா ஆச்சு, டாக்டரைப் பார்த்தியா?" என்றீர்களே, அது இதற்குத்தான். நான் அப்போது அடுத்த அறையில் நாற்கரத்தின் பரப்பளவு கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்கவில்லை.

சரி, புதன்கிழமை. மேடையில் நின்றேன். தாளைப் பார்த்துச் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால், அத்தை, நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்! "ஒரே ஓட்டைல அஞ்சு தூண், நெருக்கமா, பஸ்ஸில ஒரே சீட்ல அஞ்சு பேர் உக்காந்த மாதிரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாருக்கும் வந்தது. பின்பெஞ்சில் எப்போதும் தூங்குகிறவளுக்கும் வந்தது. ரேடியோ சிவப்பு உல்லன் நூலில் ஒரு வரிசையே முடித்துவிட்டு, "ஏய், இது நொறுக்குத்தீனி மாதிரிடி, நிறுத்தவே முடியல" என்றாள். வகுப்பு முழுக்க விசிறிகள். அவற்றின் அழகைப் பார்த்து, பொய் சொன்னதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

டீச்சர் ஒரு சதுரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அந்த உறையில மொட்டு மொட்டா உப்பலா இருந்துச்சே. இது விரிஞ்சில்ல இருக்கு?"

அலமாரிச் சாவி தலைமை ஆசிரியையிடம், தலைமை ஆசிரியை பத்து நாள் பயிற்சிக்காக வெளியூரில். அது மட்டும்தான் எனக்கு நடந்த நல்லது. வாய் மறுபடி தானாகத் திறந்தது. "துவைச்சா மொட்டாகிடும் டீச்சர்."

"துவைச்சாவா?"

"ஆமாம் டீச்சர். நூல் சுருங்கி உருண்டுக்கும்."

அவர் நம்பிவிட்டார் அத்தை. முப்பத்தெட்டுச் சதுரத்தையும் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மூட்டையோடு வந்தார். ரேடியோவின் சிவப்பு ஓடி முப்பத்தெட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டன, விசிறிகள் மட்டும் அசையவில்லை. "இன்னும் மொட்டாகலையேம்மா" என்று கேட்டார். 'ம்மா' என்று சொன்னார், கேளுங்கள், கத்தரி டீச்சர்! நான் என்ன செய்வேன்? "மூணு தடவை துவைக்கணும் டீச்சர்" என்றேன்.

நான் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்பித்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கைவேலை அறைப் பக்கம் போனேன். டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பச்சை நூலில் பின்னிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தூண் முடிந்ததும் "அஞ்சு!" என்று சத்தமாகச் சொல்லி, யாரும் இல்லாத அறையில் சிரித்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "இருபத்திரண்டு வருஷமா ஓரம் அடிக்கறதையே சொல்லிக்கொடுத்து எனக்கே சலிச்சுப்போச்சு தெரியுமா? உன்கிட்டதான் புதுசா ஒண்ணு கத்துக்கறேன்" என்றார். மேசையில் எங்கு தேடியும் கத்தரியைக் காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் முதுகில் தட்டி, "திறமை இருக்கறவங்களுக்கு இந்த அடக்கம்தான் அழகு" என்றார். அத்தை, அவர் வெட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இன்று ஞாயிறு. இந்நேரம் அந்தச் சதுரங்கள் டீச்சர் வீட்டுக் கொடியில் மூன்றாவது தடவை உலர்ந்துகொண்டிருக்கும். காலையில் அவர் எண்ணிப் பார்ப்பார். ஒன்றுகூட மொட்டாகியிருக்காது. நான்காவது தடவை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமை தலைமை ஆசிரியை அலமாரியைத் திறப்பார், உங்கள் உறையும் எங்கள் போர்வையும் ஒரே மேசைக்கு வரும், பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். ஆள் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லை என்று சொல்கிறவர் நீங்கள். என் முகத்தைப் பார்த்தால் போதும்.

அதனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வராதீர்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள், அல்லது சனிக்கிழமை மிகத் தூரமாகப் போகிற ரயிலில் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வந்தே தீருவேன் என்றால், போர்வையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா, அசல் பாப்கார்ன்!" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை டிக்கெட் இல்லாத ஒருத்தியை விட்டுவிடுங்கள். உறைகளுக்குப் பதிலாக நான் பெரியவளாகி வேலைக்குப் போனதும் உங்களுக்கு இரண்டு நாற்காலிகளே வாங்கித் தருகிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள். அப்பாவிடமும் சொல்லாதீர்கள், அவர் இதையும் தானே செய்ததாக ஒப்புக்கொள்வார்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும், உங்கள் பெட்டியில் எல்லாரும் டிக்கெட்டோடு ஏறட்டும், ஜன்னலோர இருக்கை உங்களுக்கே கிடைக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பிரியமுள்ள, நடுங்கிக்கொண்டிருக்கிற,
தம்பி மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்!

கையெழுத்துப் போட்ட பிறகு தூக்கம் வராமல் வாளியிலேயே உட்கார்ந்து கடைசியாக ஒரு விசிறி போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தூண் முடிந்த அதே நேரம் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"உள்ள யாரு?"

"நான்தாம்மா."

"அரை மணி நேரமா என்ன பண்ற?"

"வயிறு சரியில்லம்மா."

"தண்ணி சத்தமே கேக்கலையே?"

துள்ளி எழுந்தேன். வாளி ஒரு பக்கம் உருண்டது, ஊசி கண்ணியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எது நடக்கவே கூடாது என்று சொன்னீர்களோ அது நடந்துவிட்டது. கண்ணி வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. எல்லாம் பிரிந்துவிடப்போகிறதே என்ற பயத்தில் ஊசியைப் பொறுக்கிக் கண்டபடி குத்தினேன். அது முதல் தூணின் தலைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் தொங்கிய கண்ணியைக் கவ்விக்கொண்டு, திரும்பி வந்தது. ஐந்து தூணும் தலையைக் குனிந்து ஒன்றுசேர்ந்து, 'பொத்' என்று முன்னால் உப்பிக்கொண்டன. மொட்டு, அத்தை! அசல் மொட்டு! நான் கத்திவிட்டேன். கத்தியதும் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியதாயிற்று.

அம்மா என்னைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கடிதத்தை எடுத்து நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். முதல் தாளில் மூக்கு சிவந்தது. இரண்டாவது தாளில் "ஐம்பத்தொண்ணு வாங்கினவ முப்பத்தெட்டு பேருக்கு வாத்தியாரா?" என்றாள். மூன்று தடவை துவைக்கிற இடத்துக்கு வந்ததும் உதடு ஆட ஆரம்பித்தது. வாளியை நிமிர்த்தி, கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சத்தம் கேட்டு அப்பா படுக்கையிலிருந்தே, தூக்கத்தில், "நான்தான் எடுத்தேன்! நான்தான்!" என்று கூவினார். அம்மாவுக்கு மறுபடி சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷனை ரெண்டு நாளா பட்டினி போட்ட மாதிரி வெச்சிருந்தேனேடி" என்றாள். பிறகு என் காதைத் திருகினாள். பிறகு, "எங்க, அந்த மொட்டைக் காட்டு" என்றாள்.

காலையில் பள்ளிக்குச் சீக்கிரம் போகிறோம். உள்ளே நான் தனியாகப் போய் டீச்சரிடம் சொல்ல வேண்டுமாம், அம்மா வாசலில் நிற்பாளாம். முப்பத்தெட்டுச் சதுரங்களையும் பிரித்துப் போட ஐந்து நாள் இருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டால் ஆளுக்குப் பாதி வகுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு உறைக்கு ஆகிற வெள்ளை நூலும் கொண்டுவாருங்கள், இந்தத் தடவை நான் போடுகிறேன்.

டீச்சரிடம் சொல்ல இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருக்கிறேன். ஒன்று, "டீச்சர், அஞ்சாவது தூணுக்கு அப்புறம் ஊசியை வெளியே எடுக்கணும்." இன்னொன்று, "டீச்சர், அந்த உறையை நான் போடல." முதலாவதைச் சொல்ல நாக்கு துடிக்கிறது. இரண்டாவதை நினைத்தால் வயிறு உண்மையாகவே சரியில்லை. எதை முதலில் சொல்வது என்று அம்மாவிடம் கேட்டேன். ஊசி இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியவள், இதோடு ஏழு மொட்டு போட்டுவிட்டாள்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ரெண்டாவதை முதல்ல சொல்லு. இப்ப என்னைக் கூப்பிடாத, நாலாவது தூண்ல இருக்கேன்."